ஸ்கேனரில் தெரிந்த கறுப்பு

சிறை வாசலில் இனி யாரும் சேலையை அவிழ்க்க வேண்டாம் என்றுதான் ஸ்கேனர் வைத்தார்கள். இன்று அங்கே எனக்குச் சோதனை டியூட்டி.

மகனைப் பார்க்கப் பேட்டையிலிருந்து வந்த அக்கா ஒருவரின் இடுப்பில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது.

"என்னக்கா அது?" என்று கேட்டிருக்கலாம். பழக்கதோஷம். தட்டி மறைவுக்குக் கூட்டிப்போய், சேலையை அவிழ்க்கச் சொன்னேன்.

மடியில் இருந்தது, பன்னீர் இலையில் மடித்த திருச்செந்தூர் விபூதி.

"மவனுக்குப் பூசணும்னு கோயில்ல வாங்குனதும்மா. கேட்டிருந்தா நானே எடுத்துக் காட்டிருப்பம்லா."

சேலையைக் கட்டி முடித்தவர், "நீயும் பூசிக்கோ" என்று என் நெற்றியிலும் இட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் முகம் கழுவ மனம் வரவில்லை.

ஸ்கேனரில் கோளாறு என்றால் ஆள் வந்து சரிசெய்வார். எனக்கு யாரைக் கூப்பிட, சொல்லுங்கள்?