மீட்டரே இல்லாமல் வந்த அளவு

என் கணவருக்கு ஆஸ்துமா. ஓசூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த நான், ஓர் அரசு அலுவலகம் இணையத்தில் தந்துகொண்டிருந்த காற்று மாசு அளவை எடுத்து, தினமும் காலையில் அவருடைய செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். அளவு குறைவாக இருந்தால் மத்திகிரியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கு சைக்கிளிலேயே போவார்.

அப்படிப் போன ஒரு நாள், புகைமூட்டத்தில் மூச்சுத் திணறி ரோட்டோரம் விழுந்துவிட்டார். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றும் ‘காற்று நன்றாக இருக்கிறது’ என்றுதான் எஸ்.எம்.எஸ். போயிருந்தது.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன்.

“மீட்டர் ரிப்பேருக்குப் போயி மாசக்கணக்காச்சும்மா. கடைசியா வந்த நம்பரையே அனுப்பிட்டிருக்கோம்” என்றார் அதிகாரி, சாதாரணமாக.

“எப்ப அளந்ததுன்னு கூடவே போட வேணாமா சார்?”

“போட்டா பழசுன்னு தெரிஞ்சிரும். மேல இருந்து கேப்பாங்க.”

“எங்க வீட்டுக்காரர் செத்திருந்தா யாரு சார் கேப்பாங்க?”

அவர் ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

கணவர் தேறிவிட்டார். அதன்பின் நான் எழுதிய எந்த சர்வீஸிலும், அளந்த நேரம் இல்லாமல் ஓர் எண்கூட வெளியே போனதில்லை. அளக்காவிட்டால் ‘அளக்கவில்லை’ என்றே பதில் போகும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த அலுவலகத்துக்காரர்களுக்கு என்ன கேடு வந்தது என்று நினைத்தால், இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.