ஐஸில் மட்டும் கைகோத்தோம்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நேரில் சொல்லலாமென்றால் நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்காது.

மனைவி லண்டனுக்கு வந்து இறங்கும்வரை நாங்கள் ஒருவரையொருவர் படத்தில்தான் பார்த்திருந்தோம். கல்யாணம் முடிந்த பிறகும் தெருவில் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். நாங்கள் குடியிருந்த தோர்ண்டன் ஹீத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று நிற்கும். அங்கே கையைப் பிடிக்கிறதாவது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து இடம் தெரியாமல் இறங்கிவிட்டோம். மழை. எதிரே இருந்த ஐஸ் சறுக்கு மண்டபத்துக்குள் ஒதுங்கினோம். உள்ளே வயது போனவர்கள்கூடச் சோடி சோடியாகச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்களும் ஒருக்கா ஏறிப் பாப்பமே?" என்றாள்.

சல்வாருக்கு மேலே கம்பளிக் கோட்டு, காலில் வாடகைக்கு எடுத்த சறுக்குச் சப்பாத்து. ஐஸில் ஏறின உடனே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட்டால் விழ வேண்டியதுதான். ஆகவே அங்கே கைகோத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் போனோம். ஒருமுறை கோயிலில் பூ கட்டுகிற அக்கா பிள்ளைகளோடு உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் கையை உதறினோம். ஒரே நேரத்தில் விழுந்தோம்.

"வெக்கப்பட்டதுக்கு முழங்கால் தண்டம் கட்டிட்டுது," என்று வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு சிரித்தாள்.

மகள் பிறந்தாள், வேலை கூடியது, அந்தப் பக்கம் போவது நின்றுபோயிற்று. போன மாரியில், அவளுக்கு வந்த வருத்தத்துக்கு இனி மருந்து இல்லை என்று டாக்டர்மார் சொன்னார்கள். ஐஸ் மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள் என்பதை அந்தக் கிழமைதான் அவள் போனில் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இடிக்க முதல் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. ஐஸில ஒரு நிமிஷம் நிண்டாப் போதும்."

"உமக்கு ஏலாதப்பா."

"ஏலாட்டி நீங்கள் பிடிப்பீங்கள்தானே."

டாக்சியில் போனோம். அவளுடைய கால்கள் வீங்கியிருந்தன. சப்பாத்துக் கொடுக்கிற பெண் முழந்தாளிட்டு பெரிய சோடி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பிறகு இருந்ததிலேயே பெரியதைக் கொண்டுவந்தாள். குதிக்கால் இறங்கவில்லை. அந்தப் பெண் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள்.

தடுப்போரத்து வாங்குப் பலகையில் மனைவியை இருத்தினேன். வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"கால் வீங்கினது எனக்குத்தானே. நீங்கள் போய் ஒரு சுத்துச் சுத்துங்கோ. நான் பாக்கிறன்."

"தனியவோ? சனம் பாக்கும்."

"இந்த வழுக்கையை ஆர் பாக்கிறது? போங்கோ."

போனேன். அவள் பிடிக்கிற கை சும்மா தொங்கியது. மற்றக் கையால் தடுப்பைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தேன். சின்னப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு சுற்றுச் சுற்றி அவள் இருந்த இடத்துக்கு வந்தபோது, தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பிறகு, குளிரில் அவள் வாயிலிருந்து மெல்லிய ஆவி வருவதைக் கண்டேன். நித்திரை.

எழுப்ப மனம் வரவில்லை. எல்லோரும் வெளியேறும் மணி அடிக்கும்வரை ஐஸிலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது டாக்சியில் சொன்னாள்: "நல்லாச் சுத்தினீங்கள். நான் முழுக்கப் பாத்தன்."

"ஓம்," என்றேன்.

மாசி மாதம் அவள் போய்விட்டாள். நேற்று முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. அவள் தூங்கியதை நான் கண்டேன் என்று அவளுக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

பங்குனி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.