மூச்சைப் பிடித்துப் படிப்பவள்

அகூலினா நெவுஸ்த்ரோயெவா குப்புறப் படுத்தபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறாள். தலைக்கு மேலே ஐந்து மாடி, அறுபது குடும்பம். கீழே கல்லாக உறைந்த மண். வீட்டைத் தூக்கி நிறுத்தும் தூண்களுக்கு நடுவே நாலடி உயரத்துக்குக் காற்றோட்டமான வெற்றிடம். கழிவுநீர்க் குழாய் தாழ்ந்து தொங்கும் இடத்தில் அந்த நாலடி ஒன்றரை அடியாகச் சுருங்கிவிடும்; ஊர்ந்துதான் வரவேண்டும். வெளியே குளிர் நாற்பத்தைந்து. குளிர்காலத்தில் இந்த ஊரில் யாரும் ‘மைனஸ்’ என்று சொல்லி வாயை வீணாக்குவதில்லை.

கயிறு, மண்ணுக்குள் இறங்கியிருக்கும் ஓர் இரும்புக் குழாயிலிருந்து வருகிறது. மீட்டருக்கு ஒன்றாக அதில் வெப்பமானிகள் தொங்கும். இந்த வேலை செய்பவர்கள் இதைச் ‘சடை’ என்பார்கள். ஒவ்வொரு வெப்பமானியின் குமிழையும் சுற்றி மெழுகு தடிமனாகப் பொதிந்திருக்கும். மேலே எடுத்ததும் எண் மாறிவிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும் என்பதால் அவற்றுக்குப் பெயர் ‘சோம்பேறி’.

“சுறுசுறுப்பான ஆளை நம்பலாம், சுறுசுறுப்பான தெர்மாமீட்டரை நம்பக் கூடாது. மேல வந்ததும் காத்து சொல்றதக் கேட்டுக்கிட்டு மாத்திப் பேசும்” என்பாள் அகூலினா.

சோம்பேறியும் எத்தனை நேரம்தான் தாக்குப்பிடிக்கும்? மூச்சுக்காற்று பட்டாலே எண் நகர்ந்துவிடும். ஆகவே குமிழ் குழாயின் வாய்க்கு வரும்போது அகூலினா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பூதக்கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுபோவாள், படிப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை விடுவாள், அதற்குப் பிறகுதான் எழுதுவாள். பத்து மீட்டர் ஆழக் குழாய்க்குப் பத்து முறை. முப்பத்தொரு வருஷமாக இதே வேலை.

இது உடம்போடு ஒட்டிப்போன பழக்கமாகிவிட்டது. சந்தையில் மீன்காரி “அக்கா, மீன் எப்படி?” என்று கேட்டாலும் அகூலினா முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அப்புறம்தான் பதில். மகள் வந்து, “அம்மா, ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்” என்று சொன்னபோது அவள் பிடித்த மூச்சில் வீட்டிலிருந்தவர்கள் பயந்துபோனார்கள். மாப்பிள்ளை எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று கேட்டாள். சொன்னதும், “அந்த வீட்டுத் தூண் எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சம்மதம் கொடுத்தாள்.

கல்யாண விருந்தில் குதிரை இறைச்சி பரிமாறிக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாயாரைக் காணோம். தேடிப் போனவர்கள், மண்டபத்துக்கு அடியில் பட்டுப் பாவாடையை மடித்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். மெழுகு உருக்குவதற்கென்று அவள் சமையலறையில் ஒரு சின்ன வாணலி உண்டு. ஒருநாள் கணவர் தெரியாமல் அதில் அப்பம் சுட்டுத் தின்றுவிட்டார். அப்பத்தில் மெழுகு வாடை என்று அவர் புலம்ப, இவள் மெழுகில் வெண்ணெய் கலந்துவிட்டதே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

யாகூத்ஸ்க் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் பாறையைத் தேடி வீடு கட்டுகிறார்கள். நாம் குளிரை நம்பிக் கட்டியிருக்கிறோம். உறைந்த மண் தூணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் வீடு அசையாது. மண் சூடானால் பிடி தளரும், தூண் இறங்கும், சுவர் பிளக்கும். அந்தப் பெருமைக்குக் காவல் இருக்கும் சிலரில் அகூலினாவும் ஒருத்தி. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். அடக்கமாகக் காட்டிக்கொள்ளும் வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

பன்னிரண்டாம் எண் வீடு அவள் குடியிருக்கும் வீடு. கீழ்த்தளம், முதல் வாசல். போன ஆகஸ்டில் பாதிப் பேர் ஆற்றுக்கு அக்கரையில் புல் அறுக்கப் போயிருந்தார்கள், மீதிப் பேர் பழம் பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள், அகூலினா தூரத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்துத் தூண்களை அளந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மூன்றாவது வாசலுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் உடைந்தது. இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்கு வெந்நீர்க் குளியல் நடந்தது. எல்லாரும் திரும்பி வந்தபோது மாடிப்படிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல்.

ஆய்வுக்குழு வந்து பார்த்துவிட்டுச் சொல்லிப்போனது: ஏப்ரல் கடைசிக்குள் அந்த வாசலுக்கு அடியில், மூன்றாவது தூண் வரிசையில், ஆறு மீட்டர் ஆழத்தில், மண் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டரையாவது இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுபது குடும்பமும் காலி செய்ய வேண்டியதுதான், வீட்டை இடித்துவிடுவார்கள். அன்றைக்கு அங்கே இருந்தது வெறும் பூஜ்யம் புள்ளி மூன்று.

அகூலினா வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து அந்த வரிசையில் எட்டுக் குளிர்க்குழாய்களை நட்டுக் கொடுத்தார்கள். மின்சாரம் வேண்டாம், மேலே குளிர்ந்த எண்ணெய் தானாகக் கீழே இறங்கி, குளிர்காலத்தை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்றதை வீட்டுக்காரர்கள்தான் செய்ய வேண்டும் என்று அகூலினா படிக்கட்டில் கூட்டம் போட்டாள்.

“வீட்டைச் சுத்தி விழற பனி மண்ணுக்குப் போர்வை. விழ விழ வழிச்சு எறியணும். அடியில இருக்கற காத்து வழி எல்லாம் திறந்தே கிடக்கணும்.”

“இப்பவே தரையில கால் வைக்க முடியல அக்கா!”

“ரெண்டு சாக்ஸ் போடுங்க, மூணு போடுங்க. மண்ணுக்கு மட்டும் சாக்ஸ் போட்டு விடாதீங்க.”

அவளுக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. ஆனாலும் மறுநாள் காலையில் அறுபதில் ஐம்பது குடும்பமாவது மண்வாரியோடு இறங்கி வந்தது. அகூலினா வெண்ணெய் தடவிய அப்பம் ஒன்றை மூலைத் தூணின் காலடியில் வைத்தாள். நிலத்துக்கு ஊட்டாமல் இங்கே யாரும் பெரிய வேலை தொடங்குவதில்லை. “சாப்பாடு போடாம வேலை வாங்கக் கூடாது” என்றாள், ஏதோ கூலியாளைப் பற்றிப் பேசுவதுபோல.

நவம்பரில் பூஜ்யம் புள்ளி எட்டு. டிசம்பரில் ஒன்று புள்ளி ஒன்று. ஜனவரியிலும் ஒன்று புள்ளி ஒன்று. வெளியே ஐம்பது, எச்சில் துப்பினால் உறைந்து விழுகிற குளிர். இந்தக் குளிரிலும் மண் இறங்கவில்லையென்றால் யாரோ தடுக்கிறார்கள். அகூலினா டார்ச்சோடு மூன்றாவது வாசலின் அடிப்பக்கம் முழுவதும் ஊர்ந்தாள். கண்டாள்.

பலகையால் அடைத்த பெட்டி. அழகான வேலைப்பாடு. சந்தெல்லாம் கம்பளித் துணி திணித்து, அதற்கு மேல் மரத்தூள். சரியாகக் கவ்ரீல் பூர்த்செவ் வீட்டுத் தரைக்கு அடியில், நாலு குளிர்க்குழாய்களை உள்ளே வைத்து இருபதடி நீளத்துக்கு.

கவ்ரீலுக்கு அறுபத்தாறு வயது. உறைந்த லேனா ஆற்றின் மேல் போடும் குளிர்காலப் பாதையில் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அகூலினா அவரை வெளியே கூப்பிட்டாள்.

“அண்ணே, கீழ இருக்கறது என்ன?”

“பெட்டி.”

“எதுக்கு?”

“பூனைக்கு.”

“இருபதடிப் பூனையா?”

கவ்ரீல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். “உனக்கென்னம்மா, மண்ணைப் பத்தித்தான் கவலை. என் பொண்டாட்டிக்கு முட்டி வலி. ராத்திரி பூரா அழறா. தரை என் வீட்ல ஐஸா இருக்கு.”

“என் வீட்லயும்தான்.”

“நீ இரும்பு. அவ மனுஷி.”

படிக்கட்டில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அகூலினா சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆத்து மேல பாதை போடும்போது முதல்ல என்ன செய்வீங்க அண்ணே?”

“பனியை வழிச்சு எறிவோம்.”

“ஏன்?”

“அது தெரியாதா உனக்கு? பனி மூடியிருந்தா ஐஸுக்குக் குளிர் ஏறாது. வழிச்சு விட்டாத்தான் தடி…” கவ்ரீல் நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க.”

“தடிக்கும்.”

“உங்க லாரி இருபது டன்னு. அதுக்கு அவ்வளவு பார்த்தீங்க. இந்த வீடு எத்தனை டன்னுன்னு தெரியுமா? உங்க முட்டிவலிக்காரியும் இதுக்குள்ளதான் படுத்திருக்கா.”

கவ்ரீலின் முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் பாதைக்காரனுக்குப் பாதை போடச் சொல்லிக் கொடுத்துவிட்டாள் ஒரு பெண்பிள்ளை. “ஆறு வேற, வீடு வேற” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனவர் கதவை அறைந்து சாத்தினார். விரிசலிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

மறுநாள் விடிந்து பார்த்தால் பெட்டி இல்லை. பலகைகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. அன்றிலிருந்து மூன்றாவது வாசல் பக்கம் பனி வழிப்பது கவ்ரீலின் வேலையாகிவிட்டது. வேறு யாரையும் மண்வாரியைத் தொட விடமாட்டார். நூல் பிடித்ததுபோல ஓரம் வெட்டி, ஆற்றுப்பாதையில் செய்வதுபோல இரண்டு பக்கமும் சிறு மரக்கிளைகளை நட்டு அடையாளம் வைத்தார். அகூலினாவோடு மட்டும் பேசவில்லை. அவள் எதிரே வந்தால் வானத்தைப் பார்ப்பார்.

அகூலினா தன்னுடைய கலைமான் தோல் பூட்ஸை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே ரோமம் வைத்துத் தைத்தது; அதைப் போட்டுக்கொண்டால் ஐஸ் தரையும் கம்பளம்தான். கவ்ரீல் அதைத் திருப்பிக் கொண்டுவந்து இவள் வாசலில் போட்டார். அவர் மனைவி ஒக்தியாப்ரினா தடியை ஊன்றிக்கொண்டு வந்து அதை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டே போனாள். “அந்த ஆளு கோவிச்சுக்கட்டும். என் காலுக்கு யார் மேலயும் கோவமில்ல” என்றாள்.

பிப்ரவரியில் ஒன்று புள்ளி ஏழு. மார்ச்சில் இரண்டு புள்ளி ஒன்று. ஏப்ரலில் அளக்கவேயில்லை. “குழு வரட்டும், அவங்க முன்னாடி எடுக்கறேன்” என்றாள். வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது வாசல்காரர் ஒருவர் நைசாக வந்து, “அக்கா, ஒருவேளை ரெண்டு புள்ளி நாலுன்னு இருந்தா… ஒரு புள்ளிதானே” என்று இழுத்தார். அகூலினா அவரைப் பார்த்த பார்வையில் அவர் படியேறிப் போய்விட்டார். அறையைப் பூட்டிக்கொண்டபின் அவளும் பயந்தாள் என்பதுதான் உண்மை. அவள் பிள்ளை பெற்றதும் வளர்த்ததும் அந்த வீட்டில்.

ஏப்ரல் கடைசி வாரம் குழு வந்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் நல்ல மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் தகப்பன் பெயரையும் சேர்த்து மரியாதையாக அழைத்து ஆரம்பித்தார்.

“அகூலினா பெத்ரோவ்னா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இதே வீட்ல குடியிருக்கீங்க. நீங்களே படிச்சு, நீங்களே எழுதினா, நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேப்பாங்க.”

கூட்டம் கொதித்தது. முப்பத்தொரு வருஷம் படித்தவளைப் போய்! அகூலினா கையைக் காட்டி அடக்கினாள். முகம் மட்டும் கருத்துப்போயிருந்தது.

“அப்ப நீங்களே வந்து படிங்க.”

தலைவர் குனிந்து வீட்டின் அடியைப் பார்த்தார். கழிவுநீர்க் குழாயைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். உடன் வந்த இருவரும் தங்கள் புதுக் கோட்டுகளைத் தடவிக்கொண்டார்கள். வளைந்துபோன அந்தப் பழைய குழாயில் அவர்கள் கொண்டுவந்த கருவியும் இறங்காது.

“சரி, வேற யாராவது…” என்றார் தலைவர்.

“எனக்கு வேண்டியவங்க படிச்சா அதுக்கும் கேள்வி வரும். எனக்கு வேண்டாதவர் ஒருத்தர் இருக்கார். அவர் படிக்கட்டும்.” அகூலினா திரும்பினாள். “கவ்ரீல் அண்ணே, வாங்க.”

அவளோடு மூன்று மாதமாகப் பேசாத மனிதர். தலைவர் அவரிடம் கேட்டார்: “உங்களுக்கும் இவங்களுக்கும் ஆகாதா?”

“ஆகாது. என் பூனை வீட்டைப் பிரிக்க வச்ச பொம்பளை” என்றார் கவ்ரீல்.

ஒக்தியாப்ரினா ஓர் அப்பத்தை அவர் கையில் திணித்தாள். மூலைத் தூணின் காலடியில் அதை வைத்துவிட்டு அவர் உள்ளே நுழைந்தார். முன்னால் அகூலினா ஊர்ந்தாள், பின்னால் அவர். வெளியே தலைவர் தாளும் பேனாவுமாகக் குந்தி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அறுபது குடும்பம்.

குழாயின் மூடியைத் திறந்து அகூலினா கயிற்றை இழுத்தாள். முடிச்சுகளை எண்ணினாள். ஆறாவது சோம்பேறி மேலே வந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

“மூச்சு விடாம படிங்க அண்ணே. மூச்சுப் பட்டா ஏறிடும்.”

கவ்ரீல் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினார். கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டக் கொண்டுபோனார். அந்த நேரம் முழுதும் அகூலினா குளிர்ந்த தூணைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கடைசியில் அவர் முகத்தைத் திருப்பாமலே அவள் கண்ணுக்கு நேரே விரல்களைக் காட்டினார். முதலில் இரண்டு. கையை மூடித் திறந்து ஐந்து. அதோடு இன்னும் மூன்று.

“ரெண்டு புள்ளி எட்டு!” என்று அகூலினா வெளியே கத்தினாள். “அவர் படிச்சது. எழுதிக்குங்க.”

வெளியே சத்தம் வெடித்தது. யாரோ மண்வாரியால் தூணைத் தட்டினார்கள், ஒக்தியாப்ரினா உரக்க அழுதாள், குழந்தைகள் கத்தினார்கள். ஐந்து மாடியும் அசையாமல் நின்றது. கவ்ரீல் மட்டும் கண்ணாடியைப் பிடித்தபடி, கன்னம் உப்ப, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

அகூலினா கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“படிச்சாச்சு அண்ணே. மூச்சு விடுங்க.”