பன்னிரண்டு நொடிக்குள்

புகழேந்திக்கு ஐம்பத்து மூன்று வயது. மந்தைவெளியில் பைக் மெக்கானிக். அடையாற்றங்கரை வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு, கடைக்கு வந்து போகவே தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்விடுகிறது. அந்த அலுப்பிலும் டிராக் ரேஸை விடவில்லை. கால் மைல் நேர்ச்சாலை, இரண்டு வண்டி, முன்னால் போனவன் ஜெயித்தான். அவ்வளவுதான் விளையாட்டு.

பெரிய கோப்பை எதுவும் அவன் வாங்கியதில்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் போட்டிகளில் யாரும் தன் வண்டியைத் தானே சோதித்துக் கையெழுத்துப் போட முடியாது. எதிரே ஓட்டுகிறவர்தான் பார்த்துப் போட வேண்டும். அது புகழேந்தி கொண்டுவந்த வழக்கம். எங்கள் நண்பன் ஆயத், "நானே பாத்துட்டேன் மச்சி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, பின்சக்கரம் கழன்று செத்தான். அதற்கப்புறம் நாலு வருடம் ஒவ்வொருத்தனோடும் மல்லுக்கட்டி, கண்டபடி திட்டு வாங்கி, இதை நிலைநிறுத்தினான். ஒரு பயல் நன்றி சொன்னதில்லை. நானும்தான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தடவையாவது கால் மைலைப் பன்னிரண்டு நொடிக்குள் கடக்க வேண்டும். முழங்கால் இனி தாங்காது என்று டாக்டர் கைவிரித்த பிறகு, கடைசி ஓட்டம் என்று போன ஞாயிறு வந்தான். ஒத்திகையில் பன்னிரண்டுக்கு மேல் ஒரு துளிதான்.

"இன்னிக்கு அட்ச்சிருவேன் வேலு" என்றான் என்னிடம்.

எதிரே ஓட்ட வேண்டியவள் ஷீலா, பெருங்குடியில் வேலை பார்க்கும் பெண். அவன் வண்டியை நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"ணா, செயின்ல ஒரு லிங்க் கிராக் உட்டுகீது."

அவனிடமிருந்த மாற்றுச் செயினை அன்று காலையில் அவள் வண்டிக்கே மாட்டிக் கொடுத்திருந்தான்.

"என்னுத கழட்டித் தர்றேண்ணா. நீ ஓட்டு."

"உன் வண்டி இன்னாத்துக்கு நிக்கணும்? தகுதி இல்லன்னு எழுதும்மா."

அவள் அழுதுகொண்டே எழுதினாள்.

நிழலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மயிரிழை கிராக்குடா. பன்னெண்டு செகண்டு தாங்காதா? கையெழுத்து போடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பா."

"தெரியும். வாய் வரிக்கும் வந்துச்சு" என்றான். "போட்ருவாளேன்னு பயந்துதான் கேக்கல."