பந்தியில் பறந்த இதயம்

கல்யாண வீடியோ தொழிலில் நம்மிடம் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும்: ஊராருடைய முகங்கள், நம்முடைய ஆர்வக்கோளாறு. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, எது எதை மறைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுப்பு இல்லை ஐயா

திருவள்ளூரில் என் ஸ்டுடியோ மேசையில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று வந்ததுதான். ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே கார்டு செருக வரிசையாக இடம் இருக்கும். எந்தக் கார்டைச் செருகுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். நான் இரண்டு செருகினேன். ஒன்று, ஓடும் வீடியோவின் மேல் பெயரும் படமும் போடும். மற்றொன்று, ஆடுகிற கேசட் படத்தை ஆடாமல் நிறுத்தும். புதிய கம்ப்யூட்டர் கைவிடும் பழைய கேசட்டுகளை மாற்றித் தர இன்றும் இதைத்தான் நம்பியிருக்கிறேன்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து கேசட்டோடு வந்த ஒருவர் அதன் மேல் கைவைத்துப் பார்த்தார். நல்ல சூடு. "இன்னா சார், நாஷ்டா சூடு பண்றதா இது?"

சாம்பார் வாளி

தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஸ்டெல்லா, தன் சித்தியின் கல்யாணக் கேசட்டோடு வந்தார். நான் தயாரித்த வீடியோதான். அப்போது அவர் கைக்குழந்தை. அதற்கு மறுவருடம் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் இருப்பது, அவர் விறைப்பாக முறைக்கும் ஒரு அடையாள அட்டைப் படம் மட்டும். அந்தக் கல்யாணத்தில் அப்பா பந்தி பரிமாறினாராம். சிரித்த முகமாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் ஸ்டெல்லா.

ஓட்டினோம். நீலச் சட்டைக்காரர் ஒருவர் சாம்பார் வாளியோடு இலை இலையாக நகர்ந்து வந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார். சரியாக அந்த நொடியில், மணமக்களைச் சுமந்தபடி ஒரு சிவப்பு இதயம் பறந்து வந்து அவர் முகத்தில் உட்கார்ந்தது. அது விலகியபோது வாளி மட்டும்தான் தெரிந்தது.

அந்த இதயம் என் கைவேலை. கார்டு புதிதாக வந்த நேரம் அது. அன்று கேமரா பிடித்த முனிரத்தினம் இன்றும் என்னோடுதான் இருக்கிறார். அவர் விடவில்லை. "அப்பவே சொன்னேனே நைனா, கேட்டியா? ஒரு மாப்ளைக்கு எத்தினி ஹார்ட்டுதான் பறக்கவுடுவே!"

லேபிளுக்குக் கீழே லேபிள்

படத்தோடு கலந்துவிட்ட இதயத்தை இனி உரிக்க முடியாது. இதயம் போடுவதற்கு முன் கேமராவில் பதிந்த மூலக் கேசட் வேண்டும். அங்கேதான் நம் தொழில் வழக்கம் குறுக்கே நின்றது. ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுத்ததும் அதே கேசட்டில் அடுத்த விசேஷத்தை எடுத்துவிடுவோம். அலமாரியைக் கவிழ்த்து, லேபிள்களைத் தண்ணீர் தொட்டு உரித்தோம். 'காக்களூர் காதுகுத்து' என்பதற்குக் கீழே சித்தியின் பெயர் இருந்தது.

முனிரத்தினம் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு நம்பிக்கை போகவில்லை. காதுகுத்து, கல்யாணத்தைவிடச் சின்ன விசேஷம். பந்தியோ கேசட்டின் கடைசியில்; அதுவரை காதுகுத்து எட்டியிருக்காது. ஓடவிட்டேன். காதுகுத்து முடிந்தது, கொஞ்சம் புள்ளிமழை, பிறகு வாழை இலைகள்! ஆனால் படம் ஆடிய ஆட்டத்தில் என் புதிய கம்ப்யூட்டர் வெறும் நீலத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் பழையதைக் காட்டினார். "சும்மா பேஜாரு பண்ணிக்கினு கீது இது. கெழவன்கிட்ட குடு!"

நீலச் சட்டை

மறுநாள் ஸ்டெல்லா தன் அம்மாவையும் அழைத்துவந்தார். கார்டு படத்தின் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தியது. வாளியோடு வந்தவர் நிமிர்ந்தார். கேமராவைப் பார்த்து, 'சாப்பிட்டியா?' என்று கையால் கேட்டுவிட்டு, முகமெல்லாம் சிரித்தார். இதயம் வரவில்லை.

ஸ்டெல்லா மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார். நான்காவது முறை ஓட்டியபோது அம்மா திரையைத் தொட்டுக் காட்டினார். "எங்கண்ணன் சட்ட இது. கேக்காம எடுத்துப் போட்டுக்கினு, இன்னா சிரிப்பு சிரிக்குது பாரு இந்த மனுசன்!"

முப்பது வருடத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை, படத்தின் மேல் ஒன்றும் போடாமல் விட்டதுதான்.