சிரிப்புப் பாட்டுக்குப் பக்கம் புரட்டியவன்

பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் புரட்டும் தொழிலில், வேலை சரியாக நடந்தால் உங்களை ஒருவரும் காணமாட்டார்கள். பிழைத்தால் மண்டபம் முழுக்க உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். சம்பந்தி வீட்டுக்காரருக்குப் பந்தி பரிமாறிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியின் பான் நகரத்தில் பகல் முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இலங்கையில், மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவன், இசைக்குறி வாசிப்பான் என்று பங்குச் சாமியார் யாரிடமோ சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது பாதி. மீதியைச் சாமியார் விசுவாசத்தில் சேர்த்துக்கொண்டார்.

என்னைப் பிடித்தவர் ஹெர் ஹோல்ட்ஸ். ஜெர்மனில் ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி. அறுபது தாண்டிய பாடகர். வாழ்நாள் முழுக்க ஒபரா என்ற இசை நாடகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியவருக்கு, ஒருமுறையாவது தனியாக நின்று பாடவேண்டும் என்று ஆசை. அதற்கு அவர் தேடி எடுத்தது, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ் நாவலாசிரியர் ஒருவரை. தலையணை தலையணையாக நாவல் எழுதியவர், இளைப்பாறும் நேரத்தில் சிரிப்புப் பாட்டும் உருக்கப் பாட்டுமாக எழுதித் தள்ளியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் சும்மா இராமல் அவற்றுக்கு மெட்டுப் போட்டுவிட்டார்கள்.

மண்டபப் பொறுப்பாளர் அம்மையார் மூன்று மாலைப்பொழுதுகளுக்கு மண்டபத்தைக் கொடுத்தா. மூன்றாம் மாலைக்குள் சனம் சிரித்துவிட்டால் இலையுதிர்காலம் முழுக்க மண்டபம் ஹெர் ஹோல்ட்ஸுக்கு. சிரிக்காவிட்டால் அவர் இனிக் குளியலறையில் பாடலாம்.

தலையாட்டு

முதல் ஒத்திகை. பியானோ வாசித்தவ ஃப்ராவ் ரைமர் என்ற கண்டிப்பான மனுசி. வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினா. எங்கள் பக்கத்தில் வித்துவான் ஒருவர் வாசிப்பின் நடுவே உங்களைப் பார்த்துத் தலையாட்டினால் என்ன அர்த்தம்? "இந்த இடம் எப்படி?" என்று கேட்கிறார். சபை மரியாதை தெரிந்தவன் திருப்பித் தலையாட்ட வேண்டும். ஆட்டினேன். அவ இன்னும் பலமாக ஆட்டினா. நானும் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் ஒரு "ச்சு" கொட்டி, பலமாக ஆட்டினேன்.

பியானோ நின்றது. கண்ணைத் திறந்தேன். பக்கம் ஒன்றிலேயே நிற்கிறோம். ஃப்ராவ் ரைமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னா: "ஹெர் சூசை, உங்கள் ரசனைக்கு நன்றி. இனி நான் தலையாட்டினால் தாளைப் புரட்டுங்கள்."

முதல் மாலை

சிரிப்புப் பாட்டு என்னவென்றால், பட்டாளத்தில் இருந்த ஒரு கிழட்டுக் கேணல் பெரிய இடத்து விருந்தில் தன் வீரப்பிரதாபத்தை அளந்துகொண்டிருக்கும்போது பொய்ப்பல் கழன்று சூப்புக்குள் விழுகிறது. ஹெர் ஹோல்ட்ஸ் பல்லில்லாத குரலில் கடைசி அடியைப் பாடியபோது, நான் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றேன். மண்டபமோ பெரிய வெள்ளிக்கிழமைக் கோயில் போல இருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கதிரைக்குக் கதிரை ஒரு குட்டிப் புத்தகம் வைத்திருந்தோம். பாட்டுகளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. ஜெர்மன்காரரிடம் அச்சடித்த தாளைக் கொடுத்தால் முடியும்வரை தலை நிமிராது. கேணல் கதிரையில் உட்காருமுன்பே இவர்கள் பல்லை விழுத்தி முடித்துவிட்டார்கள். போதாததற்கு, அத்தனை பேரும் ஒன்றாகப் பக்கம் புரட்டிய சத்தத்தில் என் தொழில் எடுபடவே இல்லை.

வெளியே கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பாட்டுப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா: "மிக அருமை. பாடகரைக் குழப்பிவிடக் கூடாதே என்று சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடு பட்டுவிட்டோம்."

இரண்டாம் மாலை

ஹெர் ஹோல்ட்ஸ் அன்று சாப்பிடவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து நகரமான கொலோனிலிருந்து எங்கட ஆட்கள் ஏழு பேரை இறக்கினேன். தலைவர் மரியநாயகம் அண்ணை. செத்தவீட்டிலும் சிரிப்புக் காட்டுகிற ஆள்.

"கேணலுக்குப் பல்லு விழேக்க எல்லாரும் சிரிக்கோணும்" என்றேன்.

"அந்தாள் இங்கிலீசில பாடுது. பல்லு எப்ப விழும் எண்டு எங்களுக்கு எப்பிடியடாப்பா தெரியும்?"

"நான் இடது கையால மூக்கைச் சொறிவன், அண்ணை."

"ஓம், அது காணும்."

கேணலுக்கு முந்திய பாட்டு உருக்கப் பாட்டு. மனைவியை இழந்த ஒருவர், அவளுடைய தொப்பி நாடாவை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார். மழை பெய்யும் நாட்களில் மட்டும் திறந்து பார்க்கிறார். ஃப்ராவ் ரைமரின் தாள்களில் நாவலாசிரியர் காலத்துத் தூசி. மூன்றாம் பக்கத்தைப் புரட்டியதும் அது நேரே என் மூக்குக்குள் போயிற்று. அந்த நேரத்தில் மனிதனுக்கு ஒப்பந்தமா ஞாபகம் வரும்? லாச்சி திறந்தது, நாடா வெளியே வந்தது, ஏழு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மரியநாயகம் அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொறுப்பாளர் அம்மையார் கடைசி வரிசையில் கொப்பியைத் திறந்து எதையோ எழுதினா. ஹெர் ஹோல்ட்ஸ் பாட்டை எப்படியோ முடித்துவிட்டு, வழக்கத்தைவிட அதிகநேரம் குனிந்து நின்றார். வாசலில் அண்ணையைப் பிடித்தேன். அவருக்குத்தான் என்னில் கோபம்: "நீர் சொறிஞ்சீர், நாங்கள் சிரிச்சம். இதில எங்கட பிழை எது, சொல்லும் பாப்பம்."

மூன்றாம் மாலை

குட்டிப் புத்தகங்களைக் கதிரைகளில் வைப்பதும் என் வேலைதான். பெட்டியோடு தூக்கி நிலவறையில் கூட்டுகிற தும்புத்தடிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மேலே வந்து, "வரும் வழியில் மழையில் நனைந்துவிட்டது" என்றேன். ஹெர் ஹோல்ட்ஸ் வெளிறிப்போனார். பாட்டுக்கு முன்னால் கதையை வாயால் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

பேசிப் பழகாத மனிதர். "இப்போது ஒரு கேணல் வருவார்" என்று தொடங்கினார். கேணல் எந்தப் படைப்பிரிவு, சூப்பு எந்த மரக்கறி, பல் எத்தனை, எந்தக் கோணத்தில் விழுந்தது என்று, விபத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி முகம் சிரிக்காமல் விளக்கினார். கோணம் வந்தபோது முன்வரிசையில் ஒருவருக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. பிறகு அடுத்தவர். பிறகு மண்டபம். கையில் தாள் இல்லாத ஜெர்மன்காரரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நம்மைப் போலத்தான் இருந்தார்கள். பாட்டுத் தொடங்கியபோது சிரித்துக் களைத்துப்போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிக அமைதியாகக் கேட்டார்கள்.

முடிந்ததும் பொறுப்பாளர் அம்மையார் மேடைக்கே வந்து அவருடைய கையைக் குலுக்கினா: "இலையுதிர்காலம் உங்களுக்குத்தான், ஹெர் ஹோல்ட்ஸ். விளக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பாட்டுகளை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

பியர்க் கடையில்

ஹெர் ஹோல்ட்ஸ் யோசிக்க அரைமணி கேட்டிருந்தார். அந்த அரைமணியும் பியர் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக நின்று பாட வந்த மனிதரைத் தனியாக நின்று பேசச் சொல்கிறார்கள். கடைசியில் எழும்பிப்போய் அம்மையாருக்குத் தொலைபேசி எடுத்தார்: மற்றதில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், நாடாப் பாட்டில் ஒரு அடி குறைந்தாலும் வரமாட்டேன். அந்தப் பக்கம் சரி என்றிருக்க வேண்டும். திரும்பி வந்து கிளாசை ஒரே மூச்சில் முடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "ஹெர் சூசை, பான் நகரத்தில் மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. அந்தப் பெட்டி எந்த ஊர் மழையில் நனைந்தது?"

அந்த இலையுதிர்காலம் முழுக்க ஹெர் ஹோல்ட்ஸ் பாடினார், நான் புரட்டினேன், சனம் சிரித்தது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன என்று மட்டும் நான் எங்கும் சத்தியம் பண்ணமாட்டேன்.