ஜன்னல் வெச்ச வண்டி

தெருவுல பழைய இரும்பு ஆட்டோ சத்தம் கேட்டா எனக்கு இருப்பு கொள்ளாது. அடுப்புல இன்னா கொதிச்சாலும் வுட்டுட்டு வாசலுக்கு ஓடுவேன். ஸ்பீக்கர்ல "பழைய இரும்பு, பித்தள, பிளாஸ்டிக்"னு எவனோ கத்திகினு இருப்பான். நான் ஆட்டோக்குள்ள தலைய வுட்டு பாப்பேன். "இன்னா பாட்டி தேடற?"ன்னு கேப்பாரு ஆட்டோக்காரரு. "என் ஜன்னல"ன்னுவேன். கெழவிக்கு நட்டு கழண்டுச்சுன்னு நெனச்சிகினு பூடுவாரு.

வூட்டு ஜன்னல் இல்ல கண்ணு. வண்டி ஜன்னல். இரு, சொல்றேன்.

எங்க வூட்டுக்காரரு ஒரு மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தாரு. அந்தக் காலத்து வண்டி. கருங்குழில ஒதைச்சா படாளத்துல நாய் கொலைக்கும். கடலோரம் அணு ஆபீஸ் கோட்ரஸ்ல அவரு தோட்ட வேலை, நான் வூட்டு வேலை. அங்க ஒரு ஆபீசரு மாத்தலாகி போவசொல்லோ இவரு கையில தள்ளிவுட்டுட்டு போன வண்டி அது. அதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரு வம்சத்துலயும் கால்ல சேறு இருந்துச்சு, சக்கரம் இல்ல.

காலைல ரெண்டு பேரும் போவோம். சாயங்காலம் கரையில மீன் வாங்கிகினு திரும்புவோம். நான் பீச்சாங்கை பக்கம் காலைத் தொங்கப்போட்டு, மடியில கூடைய வெச்சிகினு ஒக்காந்து வருவேன். அந்த எடத்துலேர்ந்து நான் பாக்காதது இல்ல. எவன் ஏரில மாடு குளிப்பாட்றான், எவ புதுசா தோடு போட்டுகினு நிக்கறா, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு எடத்துல குந்த வெச்சா எனக்கு பித்துப் புடிச்சிடும். வண்டி ஓடசொல்லோதான் மனசு குந்தும்.

ஒரு தபா கழுக்குன்றம் தாண்டி வந்துகினு இருக்கோம். பொங்கலுக்கு எடுத்த பொடவை. சக்கரம் கபால்னு புடிச்சிகினு சுத்திச்சு பாரு, முக்கால் பொடவை அதுக்குள்ள பூட்ச்சு. நடு ரோட்ல பாவாடையோட நிக்கறேன், முன்னாடி மீன் கூடைய மறைச்சிகினு. இவரு அவசரமா பேண்ட்ட அவுத்துக் குடுக்கறாரு, உள்ள பட்டாபட்டி டிராயரு.

"போட்டுக்கமே."

"எந்த பொம்பளய்யா பேண்ட் போடுவா? மானம் பூடும்." கூடைய மூடியிருந்த கோணிய உருவனேன்.

"மீன் கோணிய சுத்திகினா மட்டும் மானம் வருமா?"

கோணியத்தான் சுத்திகினு வந்தேன். ஊர் எல்லைலேர்ந்து வூடு வரைக்கும் பூனைங்க ஊர்வலம்.

மறுநாளே செங்கல்பட்டுல ஜன்னல் கம்பி அடிக்கற ஒருத்தருகிட்ட இழுத்துகினு போனாரு. யாரு வூட்டு ஜன்னலுக்கோ அடிச்சது போக மிச்ச கம்பி இருந்துச்சு. அதை வளைச்சி, நடுவுல ஒரு தாமரப்பூ வெச்சி, கீழ கால் வெக்க ஒரு பட்டையும் வெச்சி சக்கரத்து பக்கமா பத்தவெச்சாரு. அதுக்கு சாரி கார்டுன்னு பேரு. எனக்கு அது ஜன்னலுதான். அந்த ஜன்னலோரமா ஒக்காந்து ரெண்டு புள்ளய வயித்துல சுமந்துகினு போயிருக்கேன்.

அப்பால இவருக்கு முட்டி வலி, வண்டி கொட்டாய்க்குள்ள பூட்ச்சு. சீட்டு மேல கோழி முட்டை வெச்சிச்சு. வேலையும் முடிஞ்சி, சும்மா குந்தி செல்போன நோண்டிகினு இருந்தவருக்கு ஒரு நாளு திடீர்னு வேகம் வந்துச்சு. பழைய வண்டிய புதுசு பண்றவங்க குரூப்பாம். அதுல சேந்துட்டாரு. அப்பறம் வூடு வூடா இல்ல. என் இட்லி குண்டான்ல பெட்ரோல் ஊத்தி கார்ப்பரேட்டர கழுவறாரு. அஞ்சறைப் பெட்டியத் தொறந்தா கடுகு இருந்த எடத்துல போல்ட்டு. நானும் வாயத் தொறக்கல. எனக்கும் ஆசதான். மறுபடியும் ஒரு தபா ஜன்னலோரமா குந்திகினு கடல் வரைக்கும் போவணும். சாவறதுக்குள்ள அது ஒண்ணு போதும்னு இருந்தேன்.

ஒரு நாளு பேத்தி வூட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், வண்டி கண்ணாடியா மின்னுது. ஜன்னலக் காணோம்.

"யோவ், எங்கய்யா?"

"அது ஒரிஜினல் இல்லமே. குரூப்ல ஐடி கம்பெனி தம்பி சொன்னான். கம்பெனிலேர்ந்து வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடி இருக்கணுமாம். காலைல இரும்பு ஆட்டோல போட்டுட்டேன்."

"கம்பெனிலேர்ந்து வந்தப்ப வண்டில நானும்தான் இல்ல. என்னையும் ஆட்டோல போட்டுட வேண்டிதான?"

அது என் எடம்னு அவருக்கு நெசமாவே தோணல.

ஞாயித்துக்கெழம பழைய வண்டிக்காரங்கல்லாம் கோவளத்துலேர்ந்து மாபலிபுரம் வரைக்கும் கூட்டமா போனாங்க. கால் வெக்க எடம் இல்லியே, நான் எங்க போறது? வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்து நடந்து தரை தேஞ்சிது. சீக்கிரமே திரும்பிட்டாரு. மூஞ்சி செத்து கெடந்துச்சு.

"பேஜாரு புடிச்ச வண்டிமே. சோத்துக்கை பக்கமே இழுக்குது. நடு ரோட்டுக்கு பூட்டேன், பஸ்காரரு அம்மாம் திட்டு திட்றாரு. அந்த தம்பி ஓட்டிப் பாத்துட்டு நேராதான் போவுதுங்கறான்."

எனக்கு சிரிப்பு தாங்கல. அந்த தம்பி பின்னாடி நான் ஒக்காந்தது இல்லியே! நானும் கூடையும் பீச்சாங்கை பக்கம் தொங்க, வண்டி கவுறாம இருக்க எதிர் பக்கம் சாஞ்சி சாஞ்சி ஓட்டுன ஒடம்பு இவரோடது.

"வண்டி சாயலய்யா, நீதான் சாயறே"ன்னேன்.

மறுநாளு நாஸ்தா கூட துண்ணாம கெளம்பிட்டாரு. கருங்குழி இரும்புக் கடைய கெளறிட்டு, செங்கல்பட்டுக்கும் போயிட்டு, கையெல்லாம் கருப்பா வந்தாரு. ஜன்னல உருக்க அனுப்பிட்டாங்களாம். எனக்குத்தான் இன்னும் நம்ப மனசு வரல. கம்பிக்காரரு கடை இருந்த எடத்துல செல்போன் விக்கறாங்களாம். "வேற ஒண்ணு அடிச்சித் தரேன்மே"ன்னாரு. "ஒரிஜினல் இல்லியே அது"ன்னேன். தலையக் குனிஞ்சிகினாரு. பாவமா பூட்ச்சு.

போன வாரம் பேத்தியோட சுடிதார் பேண்ட்ட வாங்கி மாட்டிகினேன். ரெண்டு பக்கமும் கால் போட்டு ஏறுனேன். தெருவே சிரிச்சிச்சு, நானும் சிரிச்சேன். கடல் வரைக்கும் போனோம். காத்து அதே காத்துதான். ஆனா பக்கவாட்டுல ஒக்காந்தா ஊரு தெரியும். இப்பிடி ஒக்காந்தா அவரு ஹெல்மெட்டுதான் தெரியுது. ஏரி எங்க வந்துச்சு, எங்க போச்சுன்னே தெரியல.

வண்டி திரும்பவும் சோத்துக்கை பக்கம் போவுது.

"யோவ், நேரா குந்துய்யா. நான் நடுவுலதான கீறேன்."

"சரிமே"ன்னு நிமுந்தாரு. அடுத்த வளைவு வர்றதுக்குள்ள மறுபடியும் சாஞ்சிட்டாரு, பீச்சாங்கை பக்கம் எவளோ மீன் கூடையோட ஒக்காந்துகினு வர்ற மாதிரி.